எந்த அம்மா

நான் நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், யாருக்கும் சொல்லாமல் ஒரு துணியைக் கொதிக்கவைத்தேன். ஆஸ்பத்திரியில் செய்த நல்ல காரியங்களை எல்லாம் எழுது என்று என் மகள் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நல்ல காரியங்கள் எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. அந்தத் துணி ஞாபகம் இருக்கிறது. அதனால் அதை எழுதுகிறேன், அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

விழுப்புரத்தில், ஜங்ஷனில் எஞ்சின் ஊதினால் காதில் விழுகிற தூரத்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. சின்ன இடம். பெயர் வேண்டாம், இப்போது கட்டடமும் இல்லை. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். எனக்கு இருபது வயது. சொந்த ஊர் திண்டிவனம். அப்பா இல்லாத பெண்ணை நர்ஸ் படிக்க அனுப்பினாள் என்று என் மாமாக்கள் அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "கண்டவன் மலமூத்திரம் அள்றதுக்காடி பெத்த?" என்று பெரிய மாமா கேட்டதற்கு அம்மா, "அவ அள்ளுவா, உனக்கு ஒண்ணுன்னா உனக்கும் அள்ளுவா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். நான் தோற்றுத் திரும்பி, அம்மா அந்தக் கதவை மாமாவுக்குத் திறக்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை.

முதல் ஆறு மாதத்தில் தப்பு செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அது வெறும் மிரட்டல் இல்லை. எனக்குக் கொடுத்த கட்டில் அப்படி அனுப்பப்பட்ட ஒருத்தியுடையது. ஜன்னல் கட்டையில் அவளுடைய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் போடவும் எனக்குத் தைரியம் வரவில்லை, தொட்டால் அவள் ராசி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். படித்த பெண்தான் நான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

வேலையோ ஒன்றும் கைக்கு வரவில்லை. ஊசிக் குழாயைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்தால் நழுவும், கண்ணாடி டக் டக்கென்று மோதும். படிப்பில் செய்தபோது நழுவாத குழாய். பிள்ளை பெற்ற பெண்கள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள், "உனக்கே கல்யாணம் ஆவலியே, உனக்கு இன்னா தெரியும்?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். எங்களுக்கு மேலே இருந்த பெரிய சிஸ்டர் சத்தம் போடுகிறவள் அல்ல. தப்பு கண்டால் சும்மா நின்று பார்ப்பாள். திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

நான் சேர்ந்த சமயம் பங்குனி வெயில். ஊருக்குள் பெரியம்மை நடமாட ஆரம்பித்திருந்தது. ரயிலடிப் பக்கம் ஒரு வீடு, சந்தைப் பக்கம் இரண்டு வீடு என்று வாசலில் வேப்பிலை தொங்கியது. ஆயாக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தத் தெருப் பெயர்களைச் சொல்வார்கள். பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, பார்வை நேரத்தில் பிரசவ வார்டு வாசலில் நிற்கச் சொன்னாள். வருகிறவர்களிடம், "வீட்டில் அம்மை இருக்கா?" என்று கேட்க வேண்டும். இருக்கு என்றால் உள்ளே விடக் கூடாது. அவ்வளவுதான் வேலை. எனக்கு ஊசி போடத் தெரியாது என்பதால்தான் இதைக் கொடுத்தாள் என்று எனக்கு ரோஷம்கூட வந்தது.

இரண்டு நாள் சொன்னபடியே கேட்டேன். மூன்றாம் நாள் வார்டுப் பெண்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "பச்சப் புள்ளைங்க இருக்கிற எடத்துல நின்னுக்கினு அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்றியே, நீ நல்லா இருப்பியா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சொல்ல நாக்கு கூசியது. எங்கள் வீட்டிலும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் பெரிய சிஸ்டர் இல்லாத நேரம் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களா?" என்று கேட்பேன். கேட்கவும் மரியாதையாக இருந்தது, பதிலும் சிரித்த முகமாக வந்தது. என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள். திண்டிவனத்திலிருந்து மதிய பாசஞ்சர் மூன்று மணிக்கு வந்துவிடும். நாலு மணி ஆகியும் ஆள் இல்லை. நான் வாசலில் நின்றுகொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் தூக்குச் சட்டி, மறு கையில் மடித்த துணி. கிளியனூர்ப் பக்கத்திலிருந்து பிரசவம் சிக்கலாகி வந்து, பெண் குழந்தை பெற்று மூன்றாவது கட்டிலில் கிடந்தாள் ஒருத்தி, வந்தவள் அவளுடைய தங்கை. முண்டியம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து நடந்தே வந்திருந்தாள். வாசலுக்கு வெளியே நாலு அடி தள்ளி நின்றுவிட்டாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா வந்துக்கிறாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது, பொறாமையில். அக்கா பிரசவத்துக்கு அம்மா வந்திருக்கிறாள், என் அம்மா வரவில்லை. "எப்ப வந்தாங்க?" என்றேன்.

"நாலு நாளாச்சுங்க."

"எவ்ளோ நாள் இருப்பாங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். "அத நாம எப்டிங்க சொல்றது. அவங்க இஷ்டம்தாங்க."

"அம்மா வந்தா நல்லதுதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் உள்ள போவலாங்களா நர்சம்மா? கஞ்சி குடுக்க அக்காவுக்கு வேற ஆள் இல்லீங்க" என்றாள். போ என்றேன். தன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதற்கு இந்த அளவு உருகுகிறாளே, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு நின்றேனா? ஆஸ்பத்திரித் துணிக்கு அன்று பஞ்சம். அவள் கொண்டுவந்த பழந்துணி பூப்போல மெத்தென்று இருந்தது. பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் போடக் கூடாது, சொந்தக்காரர்கள் வீட்டுப் பழந்துணியில்தான் கிடத்துவார்கள். என் கையாலேயே அதை வாங்கி விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்தேன்.

மறுநாள் காலையில் துணி மாற்றும்போது மடிப்புக்குள்ளிருந்து ஒரு காய்ந்த இலை விழுந்தது. வேப்பிலை. துணி ஓரத்தில் மஞ்சள் கறை.

இலையைக் கையில் எடுத்தேன். பிறகு அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. அம்மா வந்திருக்கிறார்கள். நாலு நாளாயிற்று. அவர்கள் இஷ்டம். தமிழ் பேசுகிற ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் புரிகிற பேச்சு. நோய் என்று சொல்லக் கூடாது, காய்ச்சல் என்று சொல்லக் கூடாது, அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? அன்று எனக்கு உலகத்தில் ஒரே ஒரு அம்மாதான் இருந்தாள், அவள் ரயிலைத் தவறவிட்டிருந்தாள்.

அக்காக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன். "தங்கச்சி வீட்ல அம்மா வந்திருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. அவ பையனுக்குத்தான். நாலு வயசு. நீங்ககூட நல்ல வார்த்த சொன்னீங்களாமே, அழுதுக்கினே சொன்னா" என்றாள் சிரித்துக்கொண்டே.

"இந்தத் துணி?"

"ஒரு பழைய வேட்டிங்க. ரெண்டாக் கிழிச்சு ஒரு பாதிய அவனுக்கு விரிச்சிக்கிறா, ஒரு பாதிய எம் பொண்ணுக்குக் கொண்டாந்தா."

நான் அந்தத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கம் துணி அவிக்கிற தகர டிரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் போட்டுக் கட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய சிஸ்டர் அறை பத்து அடி தூரத்தில். கதவு திறந்துதான் இருந்தது. போய்ச் சொல்ல எனக்கு இருந்த தூரம் அவ்வளவுதான். கொதித்துவிட்டது, கிருமி செத்துவிட்டது, தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை எனக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

திங்கள், செவ்வாய் போயிற்று. அந்தக் குழந்தையை ஒரு நாளைக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது, பால் குடித்தது, கொட்டாவி விட்டது. மற்ற நர்சுகள், "என்ன சிஸ்டர், மூணாம் கட்டில் குழந்தையைத் தத்து எடுத்துக்கப் போறியா?" என்று கேலி செய்தார்கள். புதன்கிழமை டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தவளும் நான்தான். அவள் புருஷன் ரயிலடிக்குப் போக மாட்டுவண்டி பிடித்து வந்திருந்தான். வண்டி கேட்டைத் தாண்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். இனிமேல் என் கண்ணெதிரே நடக்காது.

வியாழக்கிழமை பகல். முனிசிபாலிட்டியிலிருந்து வந்த நோட்டீசைப் பெரிய சிஸ்டர் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மை கண்ட வீட்டோடு பழக்கம் ஏற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு மூன்று நாளுக்குள் தடுப்பூசியாக அம்மை குத்திவிட்டால் காப்பாற்றலாம், அதற்குப் பிறகு உறுதி சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. நான் விரலை மடக்கினேன். ஞாயிறிலிருந்து எண்ணினால் ஐந்தாவது விரல் வந்தது. என்னையறியாமல், "சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். துணி அவித்ததையும் சொன்னேன். அவள் வழக்கம்போல் சும்மா நின்று பார்த்தாள்.

"இலை எப்ப பார்த்தே?"

"திங்கக்கிழமை காலையில."

"திங்கக்கிழமையே சொல்லியிருந்தா ஒரு ஊசி வேலை" என்றாள். அன்றே வார்டில் இருந்த குழந்தைகள் அத்தனைக்கும் அம்மை குத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலை என்னையும் அம்மை குத்துகிறவரையும் கிளியனூர்ப் பக்கம் அனுப்பிவைத்தாள். திண்டிவனத்தில் இறங்கிப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தோம். எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் பஸ் போயிற்று. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குள் போனதும் நர்சம்மா வந்துக்கிறாங்க என்று தெருவே கூடிவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் மண் கையோடு வந்தார்கள். மோர் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. தாய் என்னைப் பார்த்ததும் மலர்ந்துபோனாள். ஊசி விஷயம் சொன்னதும், "நர்சம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குழந்தையின் கைத்துணியை விலக்கவே ஆரம்பித்துவிட்டாள். அம்மை குத்துகிறவர் பெட்டியைத் திறந்தார்.

அப்போது புருஷன் கேட்டான். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "அம்மா வந்தா நல்லது, இருந்துட்டுப் போவட்டும்னு நீங்கதான சொன்னீங்களாம். இன்னைக்கு ஊசிய எடுத்துக்கினு வர்றீங்களே, அம்மாவுக்குக் கோவம் வராதுங்களா?"

அம்மை குத்துகிறவர் அனுபவஸ்தர். என் காதோரம், "அம்மாவே கனவுல வந்து குத்தச் சொன்னாங்கன்னு சொல்லும்மா, வேல ஜல்தியா முடியும்" என்றார். அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் நாலு நாள் பொய்யோடு குடித்தனம் பண்ணி எனக்கு அலுத்திருந்தது. பெரிய சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னதில் வந்த லேசு இன்னும் உடம்பில் இருந்தது. இனிமேல் பொய்யே கிடையாது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன், அந்த முடிவில் ஒரு பெருமையும் இருந்தது.

"அன்னைக்கு எனக்குப் புரியலைங்க. உங்க மாமியார் வந்திருக்காங்கன்னு நெனச்சுத்தான் சொன்னேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "பெத்த அம்மான்னா நெனச்சீங்க?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப நீங்க அம்மாவுக்குச் சொன்ன வார்த்த இல்ல அது. அம்மா யாருன்னே தெரியாம இருந்துக்கிறீங்க. நீங்க எம் புள்ள மேல கை வெக்க வாணாங்க." மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்று கெஞ்சினேன், அழுதேன், அம்மை குத்துகிறவர் அதட்டியும் பார்த்தார். மாலை பஸ் வரும்வரை கதவு திறக்கவில்லை.

உண்மை சொல்ல வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், வாயை மூட வேண்டிய நாளில் உண்மை சொன்னேன். இதில் எதற்கு அதிகமாக வெட்கப்படுவது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நாள் எண்ணுவதுதான் வேலை. பட்டதிலிருந்து பன்னிரண்டு நாளில் காய்ச்சல் காணும் என்று படித்திருந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பெரிய சிஸ்டர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, வாசலில்தான் நிறுத்தினாள். வருகிறவர்களின் துணியை, கூடையை, முகத்தைப் பார்ப்பேன். கிளியனூர்ப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் அந்தக் குழந்தையைப் பற்றி மட்டும் கேட்க மாட்டேன். பதினாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கேட்டிலிருந்து வாட்ச்மேன் என்னைப் பார்த்துக் கத்தினான். "நர்சம்மா, அம்மா வந்துக்கிறாங்க."

கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் என் அம்மா நின்றுகொண்டிருக்கிறாள், முறுக்குப் பொட்டலத்தோடு, ரயில் புழுதியோடு. "ஏண்டி இப்படி வெளுத்துப்போய்க்கிற?" என்றாள். வேலை அதிகம் என்றேன். மாமாக்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியனுப்பியிருப்பதாகச் சொன்னாள். முறுக்கைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரை முடிகிற சமயம், ஒரு பார்வை நேரத்தில், அந்தத் தங்கை வந்தாள். இடுப்பில் பையன். முகமெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தழும்பு, ஆனால் கண் இரண்டும் நன்றாக இருந்தன. கையில் இருந்த எதையோ மென்றுகொண்டிருந்தான். இந்த முறை அவள் தள்ளி நிற்கவில்லை, நேரே என்னிடம் வந்தாள். கோயிலுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வருவதாகச் சொல்லி, அவித்த மல்லாட்டையும் குங்குமமும் என் கையில் வைத்தாள்.

"உங்க வாக்கு பலிச்சிதுங்க நர்சம்மா. இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னீங்க. இருந்துட்டுப் போய்ட்டாங்க, எம் புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு" என்றாள்.

எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. "அக்கா குழந்தை?"

அவள் சிரிப்பு அடங்கியது. என்மேல் கோபம் ஒன்றும் இல்லை, எனக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள்.

"அவள அம்மா கூடவே கூட்டிக்கினு போய்ட்டாங்க."

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. அவள் என்னைக் கும்பிட்டாள், பையனின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அவனையும் கும்பிடவைத்தாள். தடுக்க எனக்குக் கை எழவில்லை, மல்லாட்டை நிறைந்திருந்தது. அவர்கள் கேட்டைத் தாண்டிப் போனார்கள். அவளுக்குப் பின்னால் சோற்றுக் கூடையோடு ஒரு கிழவர் காத்துக்கொண்டிருந்தார். "வீட்டில் அம்மை இருக்கா?" என்று, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, அவரிடம் கேட்டேன்.